மாணிக்கக் காலணியும் மிகுபொருள் விரும்பாமையும்

ஒரு பொருளின் மதிப்பு அப்பொருளிலேயே உள்ளதா, அதனை விரும்பும் உள்ளத்தில் உள்ளதா? அறநூலார் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் வினா இது. மாயக்கதைத் திரைப்படங்களில் நடிகர்கள் ஏந்திய வாளையும் மந்திரக்கோலையும் அணிந்த உடைகளையும், அவர்தம் கையொப்பத்துடன் விலைக்கு வாங்கிச் சேர்க்கும் வழக்கம் மேலைநாடுகளில் பெருவணிகமாக வளர்ந்துள்ளது. இவ்வழக்கம் அவ்வினாவுக்கு நல்லதொரு விளக்கம் தருகிறது.

1939ஆம் ஆண்டு வெளிவந்த 'தி விசர்ட் ஆஃப் ஓஸ்' என்னும் அமெரிக்கப் படத்தில் ஜூடி கார்லண்ட் என்னும் நடிகை மாணிக்கக் காலணிகளை அணிந்து தோன்றினார். மூலக்கதையில் அவை வெள்ளிக் காலணிகள். வண்ணப்படத்தில் எடுப்பாகத் தோன்றவேண்டிச் செந்நிறமாயின. உண்மையில் அவற்றில் மாணிக்கம் ஒன்றேனும் இல்லை. சிவப்புச் சமிக்கிகளும் கண்ணாடி மணிகளுமே மின்னின.

எஞ்சிய இணைகளுள் ஒன்று, அந்நடிகை பிறந்த கிராண்ட் ராப்பிட்ஸ் நகரின் அருங்காட்சியகத்திலிருந்து 2005இல் களவு போயிற்று. திருடியவர் அவற்றில் பதித்தவை உண்மை மாணிக்கங்கள் என நம்பியதாகவும், கண்ணாடியே என்றறிந்ததும் அவற்றைக் கைவிட்டதாகவும் அவருடைய வழக்கறிஞர் பின்னர்க் கூறினார். 2018இல் மீட்கப்பெற்ற அவ்விணை, 2024 டிசம்பரில் 2 கோடியே 80 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று.

மாணிக்கமன்று என்றறிந்து ஒருவர் கைவிட்டார். மாணிக்கமன்று என்றறிந்தே மற்றொருவர் பெருஞ்செல்வம் கொடுத்தார். காலணி மாறவில்லை, கொண்ட எண்ணமே வேறு. பொருளை மட்டுமன்றிப் பொருள்மீது கொள்ளும் மயக்கத்தையே பரிக்கிரகம் எனச் சமணச் சான்றோர் வகுத்ததன் நுட்பம் இங்கே புலனாகும்.

அங்ஙனமாயின் கலையின் நினைவைப் போற்றுவது குற்றமோ எனச் சிலர் வினவலாம். குற்றமன்று. வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்திடம் உள்ள மற்றோர் இணையைச் சிதையாமல் காக்க, 2016இல் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து 3 லட்சம் டாலருக்கு மேல் வழங்கினர். அவருள் எவரும் அதனைத் தம் வீட்டிற்குக் கொண்டுசெல்ல எண்ணவில்லை. அனைவரும் கட்டணமின்றிக் காணவே கொடுத்தனர். போற்றுதல் வேறு, தனதாக்கிக் கொள்ளுதல் வேறு.

கையொப்பத்திற்கும் இது பொருந்தும். கலைஞரை நேரிற் கண்டு பெற்ற கையொப்பம் ஒரு சந்திப்பின் நினைவு. சந்தையில் வாங்கிய கையொப்பமோ பெரும்பாலும் 'பிறரிடம் இல்லாதது என்னிடம் உளது' என்னும் செருக்கையே வளர்க்கும். அச்செருக்குக்கு விலை ஏற ஏறப் போலிக் கையொப்பமும் களவும் உடன் வளர்கின்றன. ஓர் அறம் தளருமிடத்துப் பொய்யாமையும் கள்ளாமையும் சேர்ந்தே தளர்வதைக் காண்கிறோம்.

இல்லறத்தார் அனைத்தையும் துறத்தல் வேண்டும் என்று அணுவிரதம் கூறவில்லை. இவ்வளவு போதும் என்னும் எல்லையை முன்னரே தாமாக வரையறுத்துக்கொள்ளுமாறே பணிக்கிறது. பசிக்கு நிறைவு உண்டு. சேகரிப்புக்கு அத்தகைய நிறைவு இயல்பாக அமைவதில்லை. ஆதலின் எப்பொருளைச் சேர்ப்பவரும், 'இது என்னிடம் இருப்பதைப் பிறர் எவரும் அறியாராயினும் இதனை நான் விரும்புவேனா?' எனத் தம்மைத் தாமே வினவிக்கொள்ளல் நலம். அவ்வினாவுக்கு நேர்மையாகக் கிடைக்கும் விடையே அவரவர்க்குரிய எல்லையைக் காட்டும்.