யாரும் பார்க்காத நோட்டு

படித்த புத்தகங்களை ஒரு நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் உங்களுக்கு உண்டா? உண்டென்றால் ஒரு கேள்வி. அதில் எங்கேயாவது பொய் எழுதியிருக்கிறீர்களா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். முழுப் பொய் யாரும் எழுதுவதில்லை. 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகத்தோடு நின்றுபோயிருக்கும். நோட்டில் ஐந்து பாகமும் ஏறியிருக்கும். ரயிலில் ஒரே மூச்சில் முடித்த பாக்கெட் நாவல் ஏறியிருக்காது. சமையல் புத்தகம், ஜோதிடம், பங்குச் சந்தையில் பணம் பண்ணும் வழி... இதெல்லாம் படித்த கணக்கில் வருமா என்ன என்று விட்டிருப்போம். இத்தனைக்கும் அந்த நோட்டை நம்மைத் தவிர யாரும் பார்க்கப்போவதில்லை. அப்புறம் யாருக்காக இந்த மேக்கப்?

சார்லஸ் டார்வின் 1838 முதல் 1860 வரை இப்படி ஒரு கணக்கு வைத்திருந்தார். படிக்க வேண்டியவை ஒரு பட்டியல், படித்து முடித்தவை இன்னொன்று. பரிணாமம் பற்றி யோசித்த மனிதர் புழு, பூச்சி புத்தகமாகவே படித்திருப்பார் என்று நினைத்தால் தப்பு. நாவல், வாழ்க்கை வரலாறு, பயண நூல், ஆடு மாடு வளர்ப்பு எல்லாம் அதில் உண்டு. மேலோட்டமாகப் புரட்டியதைப் புரட்டியது என்றும், சுமாரானதைச் சுமார் என்றும் குறித்திருக்கிறார். 1838-ல் அவர் சும்மா பொழுதுபோக்காகப் படித்த புத்தகம் ஒன்று, மால்தஸ் என்பவர் ஜனத்தொகை பற்றி எழுதியது. உணவைவிட வேகமாக ஜனங்கள் பெருகுவார்கள் என்பது அதன் வாதம். அப்படியானால் பிழைக்கப் போட்டி வரும். தோதான குணம் உள்ளது தங்கும். இயற்கைத் தேர்வு என்ற யோசனைக்குப் பொறி அங்கேதான் கிடைத்தது. 'நம்ம சப்ஜெக்ட் இல்லை' என்று அவர் ஒதுக்கியிருந்தால்?

அவரிடம் இன்னொரு வழக்கம். தன் கருத்துக்கு எதிரான தகவல் எதுவும் கண்ணில் பட்டால், உடனே எழுதி வைத்துவிடுவார். சாதகமானதைவிடப் பாதகமானது சீக்கிரம் மறந்துபோகும் என்பது அவர் அனுபவம். பாருங்கள், நம் மறதிகூட நமக்கு வேண்டியவர் மாதிரிதான் நடந்துகொள்கிறது. நினைவிருக்கப் போவதை எழுத நோட்டு எதற்கு? மறக்கப் பிரியப்படுவதை எழுதத்தான் நோட்டு.

'சந்தோஷத்துக்குப் படிக்கிறேன், அதற்கும் வரவு செலவா சார்?' என்று கேட்கலாம். நியாயம்தான். வருஷத்துக்கு ஐம்பது புத்தகம் என்று இலக்கு வைத்துக்கொண்டால், கை தானாக ஒல்லிப் புத்தகத்தைத் தேடிப் போகும். அதனால் எண்ணிக்கை வேண்டாம். ஆனால், கணக்கே வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

காரணம், அதே டார்வின். 1876-ல் தன் வாழ்க்கையை எழுதும்போது ஒரு நஷ்டத்தைச் சொல்கிறார். முப்பது வயதுவரை கவிதை என்றால் உயிர். பிறகு ஒரு வரிகூடப் படிக்கப் பிடிக்கவில்லை. ஷேக்ஸ்பியர்கூடத் தாங்க முடியாத அளவுக்குச் சலித்துப்போனார். இன்னொரு முறை வாழக் கிடைத்தால் வாரம் ஒரு தடவையாவது கொஞ்சம் கவிதை படிப்பேன், கொஞ்சம் இசை கேட்பேன் என்கிறார். அந்த ருசி போனது சந்தோஷமே போனது மாதிரி என்றும் வருந்துகிறார். அப்போது அவருக்கு வயது 67.

ருசி ஒரே நாளில் போவதில்லை. வருஷக்கணக்கில், சத்தமில்லாமல் போகிறது. உண்மையாக எழுதிய நோட்டு அதைக் கொஞ்சம் முன்னாலேயே காட்டிக்கொடுக்கும். நல்ல பிள்ளையாக நடித்து எழுதியது காட்டாது.

ஆகவே பாக்கெட் நாவலை எழுதுங்கள். பாதியில் விட்டதை, எத்தனையாவது பக்கத்தில் விட்டீர்கள் என்று எழுதுங்கள். உங்கள் எண்ணத்தை அசைத்துப் பார்த்த புத்தகத்தைக் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். வருஷக் கடைசியில் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். எத்தனை படித்தோம் என்று எண்ண வேண்டாம். எது வராமலே நின்றுபோயிருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.