பின்பக்கம்

ஏழு வருஷத்துக்கு முன்னால் பெரியப்பா தேவாரத்திலிருந்து போன் செய்தார். "டேய் தம்பி, வீட்ட இடிச்சுக் கட்டப் போறோம். அய்யாவோட டிரங்குப் பெட்டி ஒண்ணு கெடக்கு. அம்புட்டும் பழைய காயிதம். என்ன செய்ய?"

படித்த பிள்ளை நான்தான். அதனால் தீர்ப்பும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. தீபாவளிக்குப் போனபோது திறந்து பார்த்தேன். நாடக நோட்டீஸ்கள், சினிமாப் பாட்டுப் புத்தகங்கள், கோயில் திருவிழா அழைப்பிதழ்கள், யார் யாருடைய கல்யாணப் பத்திரிகைகளோ. ஒரு மத்தியானம் உட்கார்ந்து போனில் படம் எடுத்தேன். 212 படங்கள். "எல்லாத்தையும் ஏத்திட்டேன் பெரியப்பா, இனிமே போட்டுரலாம்" என்றேன். காகிதம் பழைய பேப்பர் கடைக்குப் போனது. ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு ஊருக்குக் கிளம்பினேன்.

போன வருஷம் அப்பத்தா கேட்டாள். "உங்க அய்யா நோட்டீசுக்குப் பின்னாடி ஆளுக பேரு எழுதி வச்சிருப்பாரு. யாரு எத்தன நாளு மலைக்கு வந்தா, எம்புட்டுக் கூலின்னு. அதுல என் பேரும் இருக்கும். காட்டேன், பாப்போம்."

எங்கள் ஊருக்கு மேற்கே மலை சுவர் மாதிரி நிற்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவின் ஏலத் தோட்டங்கள். இன்றைக்கும் கம்பம் பள்ளத்தாக்கின் பல ஊர்களிலிருந்து விடியும் முன்பே ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறும் பெண்கள் இருக்கிறார்கள். அப்பத்தா காலத்தில் நடை. அய்யா ஆள் கூட்டிப்போகும் கங்காணி. வெற்றுத் தாள் வாங்கக் காசு செலவழிக்காத மனிதர்.

நான் முன்பக்கத்தை மட்டுமே எடுத்திருந்தேன். ஒரே ஒரு படத்தில் தாளின் மூலை மடங்கியிருந்தது. அதில் பென்சிலில் மூன்று எழுத்து தெரிந்தது. யாருடைய பெயரின் முடிவு என்று தெரியவில்லை.

நான் என்ன தப்பு செய்தேன்? எரிக்கவில்லை, விற்றுச் சம்பாதிக்கவில்லை. காப்பாற்றுகிறேன் என்று நினைத்துத்தான் செய்தேன். அழிப்பவன் கெட்டவன், காப்பவன் நல்லவன் என்று பிரித்துவிட்டால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது. நம்மிடம் அழிந்தவற்றில் பெரும்பகுதி நல்லவர்கள் கையில்தான் அழிந்திருக்கிறது.

உ.வே.சாமிநாதையர் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர் போன கதை பலருக்குத் தெரிந்திருக்கும். கோயிலில் இருந்த பழைய ஏடுகளைச் சாஸ்திரப்படி நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டதாக அங்கே அவருக்குச் சொல்லப்பட்டது. ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்டவர்களைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். இவர்கள் யாரும் தமிழின் எதிரிகள் இல்லை. குப்பையில் போட மனமில்லாமல், மரியாதையோடு அழித்தவர்கள்.

இன்னொரு கதை என் ஊர்ப் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஊர்ப் பெயரைச் சொன்னதும் "அந்தப் பாட்டா?" என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். மூவர் பாடிய தேவார ஏடுகள் தில்லைக் கோயிலில் ஓர் அறைக்குள் பூட்டிக் கிடந்தன. நம்பியாண்டார் நம்பியோடு சோழ மன்னன் போய்க் கேட்டபோது, பாடிய மூவரும் வந்தால்தான் திறக்கலாம் என்றார்கள். மன்னன் மூவர் திருமேனிகளையும் எழுந்தருளச் செய்து திறக்க வைத்தான். உள்ளே ஏடுகளைப் புற்று மூடியிருந்தது. மிஞ்சியதுதான் இன்று நமக்குக் கிடைப்பது. மரபு இப்படிச் சொல்கிறது. சின்ன வயதில் மன்னனின் சாமர்த்தியம் பிடித்திருந்தது. இப்போது அறைக்குக் காவல் இருந்தவர்களையே நினைத்துக்கொள்கிறேன். அவர்கள் ஒரு ஏட்டைக்கூடத் திருடவில்லை. பூட்டை ஒழுங்காகக் காத்தார்கள். கரையான் உள்ளே இருந்தது.

என் துறையில் ஒரு பாலபாடம் உண்டு. பேக்கப் எடுத்தேன் என்று சொன்னால் போதாது, ரீஸ்டோர் செய்து பார்த்தாயா என்று கேட்பார்கள். நான் அந்த 212 படங்களை ஆறு வருஷம் திறக்கவே இல்லை. கரையானுக்கு வேலை வைக்காத தில்லை அறை அது.

அப்படியானால் உண்மையில் காப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? கோட்டையூர் ரோஜா முத்தையாவை எடுத்துக்கொள்வோம். பெயர்ப்பலகை எழுதிய ஓவியர். நல்ல இலக்கியம் எது என்று தேர்ந்தெடுத்துச் சேர்க்கவில்லை. புத்தகம், பத்திரிகையோடு நாடக நோட்டீசையும் கல்யாண அழைப்பிதழையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபோது ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. ஆனால் கப்பலேற்றவில்லை. 1996இல் சென்னை முகப்பேரில் ஆய்வு நூலகமாகத் திறந்தது. இப்போது தரமணியில் இருக்கிறது.

சேர்த்த மனிதரைக் கொண்டாட நமக்குத் தெரியும். அதற்குப் பிறகு வந்தவர்களை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. ஒவ்வொரு உருப்படியையும் கையிலெடுத்து, தூசி தட்டி, தலைப்பு, ஆண்டு, அச்சகம், பக்கம் என்று அட்டவணையில் ஏற்றி, நுண்படம் எடுத்து, கேட்டு வருபவரிடம் நீட்டுகிறவர்கள். பல வருஷமாக அதை நடத்தும் இயக்குநர் சுந்தரிலிருந்து நுண்படப் பிரிவில் தாளைப் புரட்டுகிறவர் வரை. புதுக்கோட்டையில் ஆசிரியர் சம்பளத்தில் ஞானாலயாவைக் கட்டியெழுப்பிய கிருஷ்ணமூர்த்தி, டோரதி தம்பதி செய்ததும் இதுதான். வீட்டுப் புத்தகத்தை ஊர்ப் புத்தகமாக்கினார்கள்.

அட்டவணை எழுதுவது சலிப்பான வேலை என்று நினைத்திருந்தேன். இப்போது அதை ஓர் அறச்செயலாகப் பார்க்கிறேன். ஒரு பொருளை அட்டவணையில் ஏற்றுகிறவர், 'இதற்கு என்ன மதிப்பு என்று தீர்மானிக்கும் உரிமை என் ஒருவனுக்கு இல்லை' என்று ஒப்புக்கொள்கிறார். முன்பின் தெரியாத ஒருவர், ஒருவேளை இன்னும் பிறக்காத ஒருவர், நாம் யோசிக்காத கேள்வியோடு வருவார். அவருக்கு வழி திறந்திருக்க வேண்டும். நான் அந்த மத்தியானம் செய்தது நேர் எதிர். நாடக நோட்டீஸ் என்றால் நாடகம்தான் விஷயம் என்று தீர்மானித்துவிட்டேன். அப்பத்தாவின் கேள்வி என் கணக்கிலேயே வரவில்லை.

எல்லாவற்றையும் யாரால் வைத்துக்கொள்ள முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இடம் வேண்டும், கரண்ட் பில் கட்ட வேண்டும், ஆளுக்குச் சம்பளம் தர வேண்டும். இம்மாதிரி மையம் நடத்துகிறவர்களும் ஒதுக்கத்தான் செய்வார்கள். வீடு இடிக்கப்படும்போது பெரியப்பா அந்தப் பெட்டியை எங்கே வைத்திருப்பார்? அவரை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் ஒதுக்கும் முன் முழுதாகப் பார்க்க வேண்டும், ஒதுக்கியதை எழுதி வைக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் பெரிய கட்டடம் தேவையில்லை. எனக்கு இன்னொரு மத்தியானம் தேவைப்பட்டிருக்கும். தாளைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

போன பொங்கலுக்கு லேப்டாப்போடு அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்தேன். கூட மலையேறியவர்கள் பெயரை அவள் சொல்லச் சொல்ல அடித்தேன். பெயர், ஊர், யார் வீட்டுப் பெண், இப்போது இருக்கிறாரா. கடைசியில் 'உறுதியில்லை' என்று ஒரு கட்டம் வைத்தேன். சிலருக்குப் பட்டப்பெயர் மட்டுமே நினைவில் இருந்தது. இரண்டு பேரை மாற்றிச் சொல்லிவிட்டு மறுநாள் காலையில் கூப்பிட்டுத் திருத்தினாள். அய்யாவின் பென்சில் கணக்குக்கு இது ஈடாகாது. நாளும் கூலியும் போனது போனதுதான். அந்தப் பெட்டியில் என்னென்ன இருந்தது என்பதையும், அதை யார் போடச் சொன்னது என்பதையும் அதே கோப்பில் எழுதியிருக்கிறேன்.

அப்பத்தா பெயரை முதல் வரியில் அடித்து அவளிடம் வாசித்துக் காட்டினேன்.

"என்னைய எதுக்கு மொதல்ல போட்ட? நானு இங்கனதான இருக்கேன். போய்ச் சேந்தவளுக பேர மொதல்ல போடு" என்றாள்.