காரணம் இல்லாதது, நியாயம் இல்லாதது

'தான்தோன்றி' என்ற சொல்லுக்குக் கோயிலுக்குள் ஒரு மதிப்பு, வெளியே வேறொரு மதிப்பு. உறையூர்ச் சிவனுக்கு அதுவே திருநாமம்: எவரும் நிறுவாமல், தமக்கு முன் ஒரு காரணம் வேண்டாமல், தாமே தோன்றியவர் தான்தோன்றீஸ்வரர். அதே சொல்லைத் தெருவில் ஒருவனைப் பார்த்துச் சொன்னால் ஏச்சு. யாருக்கும் பதில் சொல்லாமல் மனம்போன போக்கில் நடப்பவன் என்று பொருள். காரணமின்மை இறைவனிடம் பெருமையாகவும் மனிதனிடம் குற்றமாகவும் எப்படி இருக்க முடியும்? பக்திக்குக் கொடுத்த சலுகை என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனம் இல்லை. காரணம் இல்லாதது வேறு, நியாயம் இல்லாதது வேறு. கோபத்தில் இரண்டையும் 'அநியாயம்' என்ற ஒரே கூச்சலில் கலந்துவிடுகிறோம். காரணமே இல்லாத ஒன்று முழு நியாயத்தோடு நிற்கலாம். காரணங்களை அடுக்கிவைத்த ஒன்று கொடிய அநியாயமாகவும் இருக்கலாம். இதற்குச் சான்று தேடித் தொலைவு போக வேண்டாம்; சாலவாக்கம் என்னும் ஊர் அடங்கிய உத்திரமேரூர் வட்டத்திலேயே அது கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன, கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளுக்கு உரியவை. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் எடுக்கும் முறையை அவை விதிக்கின்றன. ஊருக்கு 30 குடும்புகள், அதாவது ஊர்ப்பிரிவுகள். தகுதி உடையவர்களின் பெயர்களை ஓலையில் எழுதி, குடத்தில் இட்டு, சபை முழுவதும் பார்த்திருக்கக் குலுக்கி, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்ல வேண்டும். அந்த ஓலையை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏந்த வேண்டும். விரலிடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்துவிடக் கூடாதே என்ற கவலை இதில் தெரிகிறது. இப்படித்தான் சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். இவருக்கு ஏன் கிடைத்தது, அவருக்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டால் பதில் கிடையாது. சிறுவனின் கை அங்கே போயிற்று, அவ்வளவுதான். அந்தப் பதிலின்மையே முறையின் உயிர்; பதில் என்று ஒன்று இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு பணமும் உறவும் உள்ளே ஏறிவிடும். அதே கல்வெட்டுகளில் காரணங்கள் நிறைந்த பகுதியும் உண்டு. 921 ஆம் ஆண்டு விதிப்படி கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரை வயது, வேதக் கல்வி ஆகியவை வேண்டும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் விலக்கப்படுவான்; நல்ல விதி. ஆனால் அவனோடு அவன் சிற்றன்னை மக்களும் அத்தை மக்களும் மாமன் மக்களும் மாமனாரும் சேர்த்து விலக்கப்பட்டார்கள். உறவினர் கூடி மறைப்பார்கள் என்பது விளங்கக்கூடிய காரணம்தான். தான் செய்யாத குற்றத்துக்கு ஒருவன் தண்டம் இறுப்பதை அது நியாயமாக்கிவிடாது. நிலம் இல்லாதவனும், பிராமணர்களுக்குத் தானமாக விடப்பட்ட அந்தப் பிரம்மதேய ஊரின் வயலில் உழுதவனும், பெண்களும் குடத்தின் அருகே வரவே இல்லை. அந்தச் சபையில் அநியாயம் நுழைந்தது காரணம் சொன்ன இடத்தில்தான்.

காரணமின்றிக் கொடுப்பது நியாயமா என்ற இதே கேள்வியை வைணவம் கடவுள் மீதே வைத்தது. அருள் நிர்ஹேதுகம், அதற்கு எந்த ஏதுவும் வேண்டாம், உயிர் அதை விலக்காமல் இருந்தால் போதும் என்பது ஸ்ரீரங்கத்துப் பிள்ளை லோகாசாரியரின் நிலை. காஞ்சியின் தூப்புலில் 1268 இல் பிறந்த வேதாந்த தேசிகரால் இதை ஏற்க முடியவில்லை. ஏதுவே இல்லாமல் ஒருவனுக்கு வீடும் மற்றவனுக்குப் பிறவியும் தந்தால் இறைவன் பாரபட்சக்காரன் ஆகிவிடுவான். பிரம்ம சூத்திரம் வைஷம்யம் (பாரபட்சம்), நைர்க்ருண்யம் (இரக்கமின்மை) என்று பெயர் சொல்லி மறுக்கும் பழி அது. ஆகவே சரணாகதி என்ற சிறு வியாஜமாவது, ஒரு சாக்காவது, வேண்டும் என்றார். தேசிகரின் அச்சம் நேர்மையானது. ஆனாலும் கொடுப்பதையும் மறுப்பதையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. பொருள் குறைவாக இருக்கும்போது ஒருவனுக்குக் கொடுப்பது மற்றவனுக்கு மறுப்பதாகிறது. ஏரி வாரியத்தில் 6 இடம்தான், அதனால் குடம் தேவைப்பட்டது. அருளுக்கு அந்த அளவு இல்லை. அது ஒருவனுக்குக் கிடைத்ததால் இன்னொருவனின் பங்கு குறைவதில்லை. விலக்காமையும் ஒரு காரணம்தானே என்று தேசிகர் தரப்பு கேட்கும். கதவைச் சாத்தாமல் இருந்தவனுக்கு வெளிச்சத்தை உண்டாக்கிய பெருமை சேராது. காரணத்தைத் தேடியே தீருவது என்று கிளம்பினால் எங்கே போய் நிற்போம் என்பதையும் பார்க்க வேண்டும். பாரபட்சப் பழிக்குச் சூத்திரம் தரும் விடை, வினை. அது இறைவனைக் காப்பாற்றுகிறது. சுமையைத் துன்பப்படுகிறவன் தலையில் வைக்கிறது. ஊனத்தோடு பிறந்த குழந்தையின் தாயிடம் 'போன ஜென்மத்துப் பாவம்' என்று சொல்கிறவர் காரணம்தான் சொல்கிறார். அதைவிட அநியாயமான பேச்சு எனக்குத் தெரியவில்லை.

காரணமின்மையை இப்படி உயர்த்தினால் அது அதிகாரம் உள்ளவனுக்கு வசதியாகிவிடாதா என்ற மறுப்பு கனமானது. கடவுளைப் போல நானும் என் விருப்பப்படி செய்தேன் என்று ஒரு அதிகாரி சொல்லிவிடலாமே? சொல்ல முடியாது. அவர் கையில் இருப்பது அவருடைய பொருள் இல்லை, ஊரின் பொருள். அது அளவுள்ள பொருள். அவரால் பறிக்கவும் முடியும். காரணம் கேட்காமல் கொடுக்கலாம் என்பதிலிருந்து காரணம் சொல்லாமல் மறுக்கலாம் என்பது எந்த வழியிலும் பிறக்காது. தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர் பதவியிலிருந்து மாற்றப்பட்ட இ.பி. ராயப்பா தொடுத்த வழக்கில், 1973 இல் உச்ச நீதிமன்றம் இந்தப் பக்கத்தைத்தான் தொட்டது. அவர் மனு தள்ளுபடியானது. ஆனாலும் அந்தத் தீர்ப்பில், தன்னிச்சையாக நடப்பது சமத்துவத்துக்கு நேர் பகை என்றும், அரசின் செயல் தன்னிச்சையாக இருந்தால் அரசியல் சாசனத்தின் 14 ஆம் பிரிவே மீறப்படுகிறது என்றும் எழுதப்பட்ட கருத்து நிலைத்துவிட்டது. 2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் தன் 4 ஆம் பிரிவில், நிர்வாக முடிவால் பாதிக்கப்பட்டவருக்கு அதற்கான காரணத்தைச் சொல்வது அலுவலகத்தின் கடமை என்கிறது. சாலவாக்கத்து விவசாயி ஒருவரின் பட்டா மனு நிராகரிக்கப்பட்டால், ஏன் என்று எழுத்தில் கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது. எழுதித் தரும் காரணம் அவர் செய்ததைப் பற்றியதா, அவர் யாருக்குப் பிறந்தார் என்பதைப் பற்றியதா என்று அடுத்ததாகக் கேட்கவும் அவருக்கு உரிமை இருக்கிறது. 921 ஆம் ஆண்டுச் சபையிடம் இந்த இரண்டாம் கேள்வியை யாரும் கேட்டதாகக் கல்வெட்டில் இல்லை.