பழுது பார்த்தலும் பழமை காத்தலும்

தமிழிலே 'பழுது பார்த்தல்' என்றொரு தொடர் வழங்குகின்றது. பழுதை நீக்குதல் என்றோ ஒழித்தல் என்றோ அது அமையவில்லை. பார்த்தல் என்றே அமைந்துள்ளது. ஈழத்து வழக்கில் இதனினும் மிகுதியாக வழங்குவது 'திருத்துதல்' என்னும் சொல். வானொலி திருத்துமிடம், மணிக்கூடு திருத்துமிடம் என்னும் பெயர்ப்பலகைகள் இந்நாட்டு நகரங்களிற் பழகிப்போனவை. விடைத்தாளை ஆசிரியர் திருத்துகிறார். அச்சுப்படியைப் பதிப்பாசிரியர் திருத்துகிறார். வழிதவறிய பிள்ளையைப் பெற்றோர் திருத்த முயல்கின்றனர். ஒரு பொருளை இயங்கச் செய்தலும் ஒன்றைச் செம்மைப்படுத்தலும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. ஆனால் இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரண்படும் சந்தர்ப்பங்களும் உண்டு. பழைய வானொலிப் பெட்டியொன்று அத்தகைய சந்தர்ப்பத்தைத் தருகின்றது.

பழைய வானொலியைத் திருத்துபவர் யாருக்குக் கடமைப்பட்டவர்? அதனை ஆக்கிய தொழிற்சாலைக்கா, அதனை வைத்திருந்த குடும்பத்துக்கா, இனிமேல் அதனைத் திறந்து பார்க்கப்போகும் முகந்தெரியாத இன்னொரு திருத்துநருக்கா? இவ்வினாவை எவ்விடத்தும் எழுப்பலாம். எனினும், பதுளையையும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களையும் மனத்திற் கொண்டு எழுப்புமிடத்து அது வெறும் பொழுதுபோக்குக்காரரின் வினாவாக நின்றுவிடுவதில்லை.

1924ஆம் ஆண்டிற் புகையிரதப் பாதை பதுளையை வந்தடைந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரிற் கொழும்பு வானொலி தன் ஒலிபரப்பை முறையாகத் தொடங்கிற்று. அதற்கு முன்னர் நிகழ்ந்த பரிசோதனை ஒலிபரப்புகளுக்குத் தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வேட் ஹாப்பரும் அவருடன் உழைத்தோரும், கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கருவிப் பாகங்களைப் பயன்படுத்தினர் என்று ஒலிபரப்பு வரலாறு கூறும். இலங்கையின் வானொலியே பிறிதொன்றின் உதிரிப் பாகங்களிலிருந்து பிறந்தது என்பது, இங்கு எடுத்துக்கொண்ட பொருளுக்கு ஒரு நல்ல சகுனம் எனலாம். 1949இல் அது இலங்கை வானொலி ஆயிற்று. 1950இல் வர்த்தக சேவை தொடங்கிற்று. கடல் கடந்து தென்னிந்தியாவையும் ஈர்த்த அதன் தமிழ் ஒலிபரப்பு மலையகத்துக்கும் எட்டியது.

எட்டியது என்றாலும் எல்லா வீட்டுக்கும் ஒருங்கே எட்டவில்லை. துரைமாரின் பங்களாவிலும் உத்தியோகத்தர் விடுதியிலும் மின்சாரம் இருந்த காலத்தில் லயக் காம்பராக்களில் அது இருக்கவில்லை. ஆங்கு வானொலி வேண்டுமாயின் மின்கலவடுக்கில் இயங்கும் வால்வுப் பெட்டியே கதி. வால்வுகளின் இழையைச் சூடாக்க ஒன்றரை வோல்ற்று அளவில் ஒன்று, அவற்றின் தகட்டுக்குத் தொண்ணூறு வோல்ற்று அளவில் இன்னொன்று என இருவகைப் பற்றரி அதற்குத் தேவைப்பட்டன. நாட்சம்பளக்காரருக்கு அது சிறிய செலவன்று. ஆகவே பெட்டி ஒருவருடையதாயினும் செவிகள் பலருடையவை. பின்னர் திரான்சிஸ்டர் வானொலி வந்து இச்சுமையைக் குறைத்தது.

ஊவாவின் காலநிலையும் பெட்டிகளிடம் இரக்கங் காட்டவில்லை. ஐப்பசி தொடங்கித் தை வரை வடகீழ்ப் பருவமழை. ஆடி, ஆவணியில் மலைகளைத் தாண்டி இறங்கும் வறண்ட காற்று. அவ்வறட்சியே ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் பெற்ற மணத்தைத் தருவது. அதுவே வானொலிப் பெட்டியின் மேலொட்டு மரத்தை வெடிக்கவும் பசை விடவும் செய்வது. மழைக்காலத்து ஈரமோ உள்ளே புகுந்து மெழுகு பூசிய காகிதக் கொள்ளளவிகளைக் கெடுக்கும். வெளியீட்டு வால்வுக்கு முன்னுள்ள கொள்ளளவி சிறிது கசிந்தாலும் போதும். அவ்வால்வு அளவுக்கு மீறிய மின்னோட்டத்தை இழுத்துக் கொதித்துத் தானும் கெட்டு, ஒலிபெருக்கியின் நிலைமாற்றியையும் எரித்துவிடக்கூடும்.

இனி, ஒரு பெட்டியை எண்ணிப் பார்க்கலாம். ஒல்லாந்திலோ இங்கிலாந்திலோ 1950களில் ஆக்கப்பட்ட வால்வு வானொலி. பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் உத்தியோகத்தர் விடுதியில் இருந்து, பின்னர் கைமாறி, மின்சாரம் வந்த பின் ஒரு தொழிலாளர் குடும்பத்திடம் சேர்ந்தது. இறக்குமதிகள் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்ட 1970 முதல் 1977 வரையான ஆண்டுகளில் உதிரிப் பாகங்கள் கிடைப்பது அரிது. ஆகவே அந்நாளைய திருத்துநர் கைக்குக் கிட்டியதைக் கொண்டு சமாளித்தார். கிழிந்த ஒலிபெருக்கிக் கூம்புக்கு மெல்லிய தாள் ஒட்டினார். அறுந்த நூலுக்குப் பதிலாகத் தூண்டில் நைலோனைக் கட்டி அலைகாட்டும் முள்ளை நகரச் செய்தார். மின்சாரத்தை நேராக்கும் வால்வு கெட்டபோது அதனிடத்தில் ஒரு தையோட்டையும் தடையியையும் வைத்தார். கரையான் தின்ற பின்புற மூடிக்குத் தேயிலைப் பெட்டியின் பலகையை வெட்டிப் பொருத்தினார். அதிலே தோட்டத்தின் பெயரிற் பாதி இன்னமும் தெரிகின்றது. 1977க்குப் பின் இறக்குமதி தளர்ந்து யப்பானிய ஒலிப்பதிவுக் கருவிகள் கடைகளை நிறைத்தன. பெட்டி பரணேறிற்று.

இன்று அப்பெட்டியைப் பேரப்பிள்ளை இறக்கி எடுத்துச் செல்கிறார். திருத்துநர் முன் இரு வழிகள் உள்ளன. தொழிற்சாலையின் மின்சுற்றுப் படத்தைப் பார்த்து எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவருதல் ஒன்று: தையோட்டைக் கழற்றி வால்வைப் பூட்டி, நைலோனை நீக்கி நூல் கட்டி, தேயிலைப் பெட்டிப் பலகையை எறிந்துவிட்டு அசலைப் போன்ற அட்டையைப் பொருத்துதல். இதையே சேகரிப்போர் மீளமைப்பு என மதிப்பர். இதற்கே விலையும் கூடும். கெட்டதை மட்டும் மாற்றிப் பெட்டியைப் பேசவைத்து, ஏனையவற்றை இருந்தபடி விடுதல் மற்றையது.

மெய்யியலாளர் இத்தகைய வினாக்களைப் பழங்காலந்தொட்டே கேட்டு வந்துள்ளனர். தீசியசின் கப்பலிற் பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட பின் அது அதே கப்பலா என மெய்யியலாளர் வாதிட்டதைப் புளூட்டாக் குறிப்பிடுகிறார். கழித்த பழம் பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்து இன்னொரு கப்பல் கட்டினால் எது தீசியசினது என்று பதினேழாம் நூற்றாண்டில் ஹொப்ஸ் அதனை மேலும் சிக்கலாக்கினார். ஹொப்ஸ் கற்பனை செய்தது வானொலி திருத்துமிடத்தில் அன்றாட நடப்பு. உயிர்போன மூன்று பெட்டிகளிலிருந்து ஒன்று உயிர் பெற்றெழும். மிலிந்த பஞ்ஞத்திலே நாகசேனர், தேர் என்பது அச்சிலும் இல்லை, சில்லிலும் இல்லை, அவற்றின் சேர்க்கைக்கு இட்ட வழக்குப் பெயரே அது என மன்னனுக்கு விளக்குகிறார். ஆயினும் இவ்விரு வாதங்களும் 'அதே பெட்டிதானா?' என்னும் வினாவோடு நின்றுவிடுகின்றன. எதனை அகற்ற ஒருவருக்கு உரிமை உண்டு என்பதை அவை சொல்வதில்லை. பேரப்பிள்ளைக்கு வேண்டியது இரண்டாவது விடையே.

தமிழ் பயில்வோருக்கு அவ்விடையைத் தேட அண்மையிலேயே ஓர் இடம் உண்டு. சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஏடுகளைத் தேடிப் பதிப்பித்தபோது திருத்துதலின் அறமே அவர்கள் முன் நின்றது. 1894இல் வெளிவந்த புறநானூற்றுப் பதிப்பிற் சிதைந்த அடிகளை ஐயர் தம் புலமையால் நிரப்பிவிடவில்லை, புள்ளியிட்டுக் காட்டினார். 267ஆம், 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை என்றால் அவ்வெண்கள் வெறுமையாகவே நிற்கின்றன. 1904இல் வந்த பதிற்றுப்பத்துக்கு முதற்பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. இட்டு நிரப்பக்கூடியவர் இட்டு நிரப்பாமல் விட்டதே அப்பதிப்புகளுக்கு நம்பிக்கை தந்தது. 1964இல் வெனிசிற் கூடிய கட்டடப் பாதுகாப்பு வல்லுநரும் ஏறத்தாழ இதே முடிவுக்கு வந்தனர்: ஊகம் தொடங்குமிடத்தில் மீளமைப்பு நிற்க வேண்டும், புதிதாகச் சேர்த்தது பழையதிலிருந்து வேறு தெரிய வேண்டும்.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். பதிப்பாசிரியர் ஏடெழுதியோரின் பிழைகளை நீக்கிப் புலவனின் பாட்டை அணுகவே முயல்கிறார். அவ்வாறாயின், இடையில் வந்த திருத்துநரின் ஒட்டுவேலைகளை நீக்கி ஆக்கியோனின் வானொலியை அடைவதுதானே முறை? இத்தடை வலிமையுடையதே. ஆனால் அது பாட்டையும் ஏட்டையும் ஒன்றாகக் கொள்கின்றது. பாட்டு எத்தனை பிரதியிலும் இருக்கும்; ஏடு ஒன்றே. வானொலியைப் பொறுத்தவரை பாட்டுக்கு ஒப்பானது அதன் மின்சுற்று. அது ஆயிரக்கணக்கான பெட்டிகளிலும் அச்சிட்ட படங்களிலும் அழியாமல் இருக்கின்றது. அதனைக் காப்பாற்ற இந்தப் பெட்டி தேவையில்லை. பரணிலிருந்து இறங்கிய பெட்டியோ ஏடு. ஏட்டின் இறுதியில் இன்னார் இன்ன நாளில் எழுதி முடித்தார் என்னும் குறிப்பு இருப்பதுண்டு. அதனைப் புலவனுடையதன்று என்று யாரும் சுரண்டி எறிவதில்லை. தேயிலைப் பெட்டிப் பலகை அத்தகைய குறிப்பு.

தொழிற்சாலையை விட்டு வெளியேறிய நாளில் அப்பெட்டிக்குத் தனக்கெனச் சொல்ல எதுவும் இருக்கவில்லை. அதனை இன்னதென அடையாளங் காட்டுவன எல்லாம் ஊவாவிலேயே அதன்மேல் ஏறியவை. அவற்றை நீக்கித் தூய்மை செய்தால் எஞ்சுவது யாருடைய வீட்டிலும் இருந்திராத ஒரு பெட்டி.

ஏனைய இடங்களில் இவ்விழப்பு சிறிதாகத் தோன்றலாம். மலையகத்தில் அது சிறிதன்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தந்தைவழி முன்னோர் இந்நாட்டிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. தலைமுறைகளாகத் தேயிலை மலைகளில் உழைத்தோரிற் பெரும்பாலோரிடம் காட்டுதற்குப் பத்திரம் இருக்கவில்லை. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களை இரு கரைகளுக்குப் பிரித்தது. எஞ்சியோரின் நாடற்ற நிலையை நீக்குவதற்கான சட்டம் 2003இல் நிறைவேறியது. எழுத்திற் பதிவு குறைந்த ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாறு எழுத்தல்லாதவற்றிலேயே தங்கும். பாதி அழிந்த தோட்டப் பெயருடைய ஒரு துண்டுப் பலகை நீதிமன்றிற் செல்லாது. ஆனால் இக்குடும்பம் இங்கிருந்தது, இல்லாமையை இவ்வாறு சமாளித்தது, இதைக் கேட்டது என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி. அதனைக் கழற்றி எறியும் கை தீயநோக்கம் உடையதாய் இருக்க வேண்டியதில்லை.

இதனால், பழையது யாவும் புனிதம் என்று கொள்வதும் பொருந்தாது. நிலைமாற்றி இல்லாத சிலவகைப் பெட்டிகளில் உலோக அடித்தட்டு வீட்டு மின்னிணைப்பின் ஒரு கம்பியோடு நேரே இணைந்திருக்கும். செருகி மாறினால் அடித்தட்டில் 230 வோல்ற்று நிற்கும். குமிழ் கழன்று அதன் சிறு திருகாணியைத் தொடும் குழந்தைக்குப் பழமை பற்றிய கவலை இல்லை. உக்கிய வடத்தையும் கசியும் கொள்ளளவியையும் வரலாற்றின் பெயரால் விட்டுவைப்பவர் வரலாற்றைக் காப்பவர் அல்லர். கொல்லக்கூடியதையும் எரிக்கக்கூடியதையும் மாற்றியே ஆகவேண்டும். இதில் விவாதத்துக்கு இடமில்லை.

மாற்றும் முறையில்தான் விவாதம். கைதேர்ந்தோர் சிலர் பழைய காகிதக் கொள்ளளவியின் உள்ளீட்டைச் சூடாக்கி எடுத்துவிட்டு, அக்கூட்டுக்குள்ளே புதிய சிறு கொள்ளளவியை வைத்து மெழுகால் அடைப்பர். திறந்து பார்ப்போருக்கு எல்லாம் 1950களின் பொருளாகவே தோன்றும். வேலை அழகானது, கண்ணுக்கு இதமானது. ஆனால் அடுத்து வரும் திருத்துநர் அது எழுபதாண்டுப் பழமையானது என்று எண்ணி நல்லதைக் கெட்டதெனக் கழிக்கலாம். வாங்குபவர் தொடப்படாத பெட்டி என்று நம்பிக் கூடிய விலை கொடுக்கலாம். பொய் சொல்லாமலேயே ஒரு பொய் நிகழ்ந்துவிடுகின்றது. வெளிப்படையாகப் புதியதை வைத்துப் பற்றவைத்த ஈயத்துளி கண்ணுக்கு இனிதன்று; நேர்மை அதனிடத்தே உள்ளது. (சேகரிப்போர் இதனை ஏற்கமாட்டார். கூட்டுக்குள்ளே திகதி எழுதிவைத்தால் போதாதா என்பர். யாரும் திறவாத இடத்தில் எழுதிய உண்மை எவ்வளவு உண்மை?)

இவ்வாறெல்லாம் ஆராய்ந்து, பலகையை அதனிடத்திலேயே விட்டு, மாற்றியவற்றை ஒரு சீட்டில் எழுதி அப்பலகையின் உட்புறம் ஒட்டி, பெட்டியை மின்னிணைப்பிற் கொடுத்ததாகக் கொள்வோம். வால்வுகள் சூடேறி மெல்லச் சிவக்கின்றன. கண்ணாடியில் நகரங்களின் பெயர்கள் ஒளிர்கின்றன. முள் ஒவ்வொரு பெயராகக் கடக்கின்றது. கேட்பது பெரும்பாலும் இரைச்சல். மத்திய அலையிலும் சிற்றலையிலும் ஒலிபரப்புகள் உலகெங்கும் அருகிவிட்டன. 1941இல் தொடங்கிய பீ.பீ.சீ. தமிழோசை 2017இற் சிற்றலையிலிருந்து விடைபெற்றது. பெட்டி சரியாகவே இயங்குகின்றது. கெட்டுப்போனது பெட்டிக்கு வெளியே இருக்கின்றது. அதனை எந்தத் திருத்துநராலும் பழுது பார்க்க இயலாது.

இதற்கும் ஓர் உபாயம் உண்டு. தீப்பெட்டியிலும் சற்றுப் பெரிய ஒலிபரப்பியொன்றை அடுத்த அறையில் வைத்து, பழைய பாடல்களை மத்திய அலையில் வீட்டளவுக்கு அனுப்பலாம். பெட்டியில் எதுவும் மாற்றப்படவில்லை. அது வானிலிருந்து வருவதையே கேட்கின்றது. முள்ளைக் கொழும்பிருந்த இடத்துக்குத் திருப்பும் பாட்டி, பிரட்டுக்கு முந்திய இருட்டில் கேட்ட பாடலை மீண்டும் கேட்கக்கூடும். அது எங்கிருந்து வருகின்றதென அவர் கேட்டால் சொல்லத்தான் வேண்டும், கேட்காவிடில்? பலகையின் உட்புறத்துச் சீட்டில் மாற்றிய பாகங்களின் பட்டியலுக்குக் கீழே இன்னும் இடமிருக்கின்றது. பெட்டிக்கு வெளியே வைத்ததையும் அதில் எழுதுவதா என்று திருத்துநர் பேனையைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறார்.