எட்டாத கள் இனிக்கும்

சென்ற மாதம் உறவினர் வீட்டுத் திருமணமொன்றை முன்னிட்டுச் சாஆவுக்குச் சென்றிருந்தோம். ஜொகூர் மாநிலத்தில், சிகாமட் மாவட்டத்தில், லாபிஸுக்கும் யோங் பெங்குக்கும் இடையே உள்ள சிற்றூர் அது. சுற்றிலும் தோட்டங்கள், முன்னே பால்மரம் நின்ற இடங்களிலே இன்று பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. ஜொகூர் பாருவிலிருந்து நம்முடன் வந்த நண்பர் ஒருவர், கார் ஊருக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக, "இந்தப் பக்கத்தில் நல்ல தென்னங்கள் கிடைக்குமாமே!" என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். நண்பர் குடிகாரர் அல்லர். பட்டணத்துக் கடைகளில் பத்து தேசத்துப் பீர் வகைகள் அவருக்குக் கையெட்டும் தூரத்தில் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. இந்தக் கள்ளுக்கு மட்டும் இரண்டு மணி நேரப் பயணம் முழுவதும் ஏங்கிக்கொண்டு வந்தார்.

முற்பகலிலே ஒருவர் மோட்டார் சைக்கிளில் சென்று, எங்கோ ஒரு தோப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் புட்டி நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். அது உரிமம் பெற்ற இடமா, பெறாத இடமா என்று நண்பர் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். முதல் நாள் மாலையில் இறக்கிய கள் என்பது பிறகுதான் தெரிந்தது. வெயிலில் வந்த புட்டி விம்மிக்கொண்டிருந்தது. மூடியைத் திருகியதும் நுரை பொங்கி நண்பரின் வேட்டியை நனைத்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு மிடறு அருந்திவிட்டு, "அமிர்தம்! இந்த மண்ணின் ருசி!" என்றார். நாமும் ஒரு துளியை நாவில் இட்டுப் பார்த்தோம். காடி! ஊறுகாய் போடலாமேயன்றி வேறொன்றுக்கும் ஆகாது என்று எண்ணினோம்.

நண்பர் பொய் சொல்லவில்லை. அவர் முகத்தில் தெரிந்த இன்பம் மெய்யான இன்பமே. புட்டியில் இருந்ததோ புளிப்பு. அப்படியானால் அவர் சுவைத்தது எதனை? அற்பமான கேள்வி என்று நேயர்கள் தள்ளிவிட வேண்டாம். நமது ஆசைகளில் எத்தனை நம்முடையவை, எத்தனை பிறர் இட்ட வேலியால் முளைத்தவை என்ற கேள்வியே இதனுள் அடங்கிக் கிடக்கிறது.

கள்ளின் இயல்பை முதலில் பார்ப்போம். தென்னையின் விரியாத பாளையைக் கட்டி, மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவினால் சொட்டுச் சொட்டாக இனிய நீர் வடிகிறது. கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீர். தடவாவிட்டால், காற்றிலும் கலயத்திலும் உள்ள நுண்ணுயிர்கள் அப்பொழுதே வேலையைத் தொடங்கிவிடுகின்றன. சில மணி நேரத்தில் நூற்றுக்கு நான்கு முதல் ஆறு பங்கு வரை போதைச் சத்து ஏறிவிடும். ஒரு நாள் கடந்தால் புளிப்பு மிகுந்து காடியாகத் திரும்பும். ஆகவே காலையில் இறக்கியதை அன்றைக்கே குடித்தாக வேண்டும். கள் மரத்தைவிட்டு வெகுதூரம் போகாது. இலங்கையில் அதனைக் காய்ச்சி வடித்துத் தென்னஞ் சாராயமாக்கிக் கப்பலேற்றுகிறார்கள். ஆனால் கப்பலேறுவது சாராயமே, கள் அன்று. இது இயற்கை இட்ட எல்லை. இவ்வெல்லையில் சூது ஏதும் இல்லை. மரத்தடியில் பருகினவனுக்கே அதன் புத்துருசி தெரியும் என்று ஒருவர் சொன்னால் நாம் மறுக்க மாட்டோம்.

வேறு வகையான எல்லையும் உலகத்தில் உண்டு. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்துக் கோல்டன் என்னும் ஊரில் 1873 இல் தொடங்கப்பட்ட கூர்ஸ் என்ற பீர், நெடுங்காலம் அந்நாட்டின் மேற்குப் பக்கத்து மாநிலங்களில் மட்டுமே விற்கப்பட்டது. சூடேற்றிக் கிருமி நீக்காத பானமாதலால் குளிரிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது காரணம். கிழக்குக் கரைக்காரர்களுக்கு இதன்மேல் உண்டான மோகம் சொல்லி முடியாது. விடுமுறைக்கு மேற்கே போனவர்கள் பெட்டி பெட்டியாக ஏற்றி வந்தார்கள். ஜனாதிபதி ஜெரால்ட் ஃபோர்டே தம் விமானத்தில் கொண்டு சென்றார் என்பர். டெக்ஸாஸிலிருந்து ஜார்ஜியாவுக்கு இந்தப் பீரைத் திருட்டுத்தனமாக ஏற்றிச் செல்வதையே கதையாக வைத்து 1977 இல் ஒரு சினிமாப் படமும் வெளிவந்து சக்கைப்போடு போட்டது. பிறகு நடந்தது என்ன? 1981 இல் கூர்ஸ் மிஸிஸிப்பி ஆற்றைக் கடந்து கிழக்கே வந்தது. 1991க்குள் ஐம்பது மாநிலங்களிலும் கிடைக்கலாயிற்று. மூலைக்கு மூலை கிடைத்த பிறகு அதற்காக இரவு முழுதும் லாரி ஓட்டுவார் யாருமில்லை. அடுக்கில் இருக்கும் பல பீர்களில் அதுவும் ஒன்றாயிற்று. நம் ஊர்ப் பிள்ளைகளின் கதையில் வரும் நரி, எட்டாத பழத்தைப் புளிக்கும் என்றது. மனிதனோ எட்டாததை இனிக்கும் என்கிறான். நரி ஆசையை அடக்கிக்கொள்ளப் பொய் சொல்லிற்று. மனிதன் ஆசையை வளர்த்துக்கொள்ளச் சொல்கிறான். இருவரில் எவர் புத்திசாலி என்பதை நேயர்களே தீர்மானித்துக்கொள்ளட்டும்.

இதனை நண்பரிடம் சொன்னபோது அவர் சளைக்கவில்லை. "பெல்ஜியத்திலே வெஸ்ட்விலெட்டெரன் என்ற ஊரில் கிறிஸ்துவத் துறவிகள் பீர் வடிக்கிறார்கள். மடத்துச் செலவுக்கு வேண்டிய அளவுக்கு மேல் வடிப்பதில்லை. உலகமெல்லாம் அதற்கு ஏங்குகிறது. அதுவும் மோசடியா?" என்று கேட்டார். மோசடி அன்று; போதும் என்ற மனத்தால் வந்த எல்லை அது, அதனை வணங்குகிறோம். ஆயினும் துறவிகளின் அடக்கத்தைக் கண்டு வாங்குகிறவன் அடக்கம் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. அவன் கற்றதெல்லாம் ஏக்கமே. நண்பர் விடாமல், "அதியமானும் ஔவையும் சேர்ந்து கள்ளுண்டதைப் புறநானூறு சொல்லவில்லையா? கள் நமது பழம் பண்பாடு!" என்றார். சொல்கிறது. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென்று ஓர் அதிகாரமே வகுத்ததும் அதே பழம் பண்பாட்டைச் சேர்ந்ததுதான். பண்பாடு என்ற பெட்டியில் அவரவருக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வது நமக்குப் புதிதன்று.

நிற்க. இயற்கை எல்லையும் துறவியின் எல்லையும் போக, எஜமானன் இட்ட எல்லை ஒன்று உண்டு. அதுவே நம்மவருக்கு மிக நெருங்கியது. அதைப் பற்றித்தான் நண்பர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

மலாயாத் தோட்டங்களிலே பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தில் சர்க்கார் உரிமத்தோடு கள்ளுக்கடைகள் நடந்தன. கடை, லயத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும். பெரட்டுக் களத்தில் விடியுமுன் பேர் கொடுத்து, நெற்றி விளக்கோடு மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுத்துவிட்டு வருகிறவனுக்குப் போகிற வழியிலே முதலில் எதிர்ப்படுவது அது. 1920களின் பிற்பகுதியில் வசதியான வட்டாரங்களில் ஆணுக்கு நாட்கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று சர்க்கார் விதித்திருந்தனர். அந்தக் காசில் ஒரு பங்கு அன்று மாலையே கலயத்துக்குள் விழுந்தது. கடையின் இலாபத்தைத் தொழிலாளர் நலத்துக்கென்று ஒரு நிதியில் சேர்த்து, கோயில் திருவிழா முதலியவற்றுக்குச் செலவிட்டதும் உண்டு. தன் கூலியைக் குடித்துத் தன் சாமிக்குத் தேர் இழுத்தான் தொழிலாளி. அதற்காகத் துரைக்கு நன்றியும் சொன்னான்! இதைவிடச் சாமர்த்தியமான ஏற்பாட்டை எந்தக் கணக்கப்பிள்ளையும் எழுதியிருக்க முடியாது.

இதைக் கண்டு மனங்கொதித்தவர்களும் இருந்தார்கள். 1946, 47 ஆம் ஆண்டுகளில் கெடாவிலே, பீடோங் பக்கத்து ஹார்வர்டு தோட்டத்து ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை கிளம்பிற்று. படித்தவர்கள் பட்டணத்திலிருந்து வந்து செய்த உபகாரம் அன்று அது. பால்மரம் வெட்டிய கைகளே கள்ளுக்கடையை மறித்தன. 1947 இல் போலீசாரோடு மோதல் நேர்ந்து பலர் கைதாயினர். நண்பர் தேடி அலையும் அந்தப் பானத்தை, அது தினந்தோறும் கிடைத்த இடத்தில் இருந்தவர்களே அடிபட்டு மறித்தார்கள் என்பதை மறக்கலாகாது.

அன்று மாலை, திருமண வீட்டுக்காரரின் தாயார் திண்ணையில் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தார். எண்பது வயது அம்மையார். இளமையெல்லாம் தோட்டத்திலேயே பால் வெட்டிக் கழித்தவர். நண்பர் புட்டியை அவரிடம் காட்டி, "பாட்டி, உங்கள் காலத்தில் கள் இதைவிட ருசியாக இருந்திருக்குமே?" என்று பெருமையோடு கேட்டார்.

அம்மையார் சற்று நேரம் புட்டியைப் பார்த்தார். "எனக்கு எப்படித் தெரியும், தம்பி? நான் குடித்ததில்லை. உங்கள் தாத்தா குடித்தார். முப்பது வருஷம் குடித்தார். ஒருநாளாவது 'என்ன ருசி' என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை. கடை திறந்திருந்தது, போனார். மூடியிருந்தால் வந்துவிடுவார். சம்பள நாளன்று நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வெளியே நிற்பேன், மிச்சக் காசை வாங்க." பிறகு, நியாயம் தவறக்கூடாது என்று நினைத்தவரைப்போல, "குடித்த இரவுகளில் நன்றாகப் பாடுவார். அதையும் சொல்லத்தான் வேண்டும். மற்ற நாட்களில் முதுகுவலியில் பேச்சே வராது," என்றார்.

நண்பர் பேசவில்லை. நாமும் பேசவில்லை. நாம் எழுதவிருந்த மதுவிலக்குப் பிரசங்கம் ஒன்று அந்தக் கடைசி வாக்கியத்தில் சிக்கிக்கொண்டது. நாள் முழுதும் முதுகு ஒடிந்தவனுக்குப் பாட்டு வருவதற்கு ஒரு கலயம்தான் வழி என்று வைத்தவர்கள் யார்? அவனைக் குடிகாரன் என்று ஏசுவது எளிது. பட்டணத்து மன்றங்களிலே கண்ணாடிக் கோப்பையில் சீமைச் சரக்கை ஊற்றிக்கொண்டு கள்ளுக்குடியைக் கண்டித்தவர்களும் இருந்தார்கள். அவர்களோடு சேர நமக்கு விருப்பமில்லை. சீர்திருத்தக்காரர்களுக்குள்ளும் இதில் ஒரே கருத்து இருந்ததில்லை. 1920களின் தொடக்கத்தில் தமக்குச் சொந்தமான தென்னைகள் ஐந்நூற்றை வெட்டிச் சாய்த்த பெரியாரே பிற்காலத்தில் மதுவிலக்குச் சட்டத்தை ஆதரிக்கவில்லை. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளிறக்கத் தடை இருக்கிறது. சர்க்கார் கடைகளிலோ சாராயம் ஓடுகிறது. எல்லை தாண்டிப் பாலக்காட்டுப் பக்கம் போய்க் கள்ளருந்திவிட்டு வருகிறவர்கள் அதன் மகிமையைப் பாடுகிறார்கள். வேலியை நகர்த்தியதும் அமிர்தமும் நகர்ந்துவிட்டது.

அப்படியானால் எட்டாப் பொருளின் இன்பம் அனைத்தும் மயக்கந்தானா? அவ்வாறு சொல்ல நாம் துணியோம். இதே ஜொகூர்க் காட்டோரத்தில் டுரியான் பருவத்தில் பாருங்கள். இரவில் விழுந்த பழத்தை விடியலில் பொறுக்கி மரத்தடியிலேயே பிளந்து தின்பவன், மரத்துக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவன். நேற்றும் தின்றான், இன்றும் தின்கிறான், நாளையும் தின்பான். இருந்தும் இன்றைய பழத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவான். அவன் மனைவியும் பேசுவாள், பிள்ளைகளும் பேசுவார்கள். தூரத்திலிருந்து வருகிறவனுடைய புகழ்ச்சிக்கு அருகில் இருப்பவர்களின் சாட்சியும் துணை நிற்கிறது. கள்ளுக்கோ, தூரத்திலிருந்து வருகிறவன் மட்டுமே சாட்சி சொல்கிறான். அருகில் இருந்தவன் ருசியைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவனுக்கும் அருகில், கடைக்கு வெளியே நின்றவளை யாரும் கேட்கவே இல்லை. ஒரு பானத்தின் இனிமைக்குக் குடித்தவனை மட்டும் சாட்சிக்கு அழைக்கும் வழக்கு எந்த நியாயஸ்தலத்துக்கும் அடுக்காது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனை வந்தும், மக்கள் பட்டணம் பெயர்ந்தும் அந்தக் கடைகள் அருகிப்போயின. அருகிப்போன பிறகே நம்மவரில் சிலருக்கு அவை இனிக்கின்றன. பேரப்பிள்ளை தேடிப்போவது தாத்தாவின் கலயத்தை. தாத்தாவின் முதுகுவலி அதனுடன் வருவதில்லை. நண்பருடைய தாத்தாவும் தோட்டத்தில் மாண்டவர் என்பது நமக்கு அன்றிரவுதான் தெரிந்தது. அவர் புட்டியில் தேடியது கள்ளைத்தானா என்பதில் அதற்குமேல் நமக்கே சந்தேகம் பிறந்தது; கேட்க நா எழவில்லை.

புட்டியில் பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. நண்பர் அதைக் கொட்டிவிட எழுந்தபோது அம்மையார் கை நீட்டினார். "இங்கே கொடுங்கள், தம்பி. மாவு புளிக்க நல்லது." அரிசியை அரைத்து, தேங்காய்ப் பால் விட்டு, அந்தக் கள்ளையும் ஊற்றிக் கலந்து மூடி வைத்துவிட்டுத்தான் படுத்தார். மறுநாள் காலையில் அவர் சுட்டுப்போட்ட ஆப்பம் ஓரம் முறுகி, நடுவே பஞ்சுபோல உப்பி நின்றது. நண்பர் நான்கு சாப்பிட்டார். ஐந்தாவதற்குத் தட்டை நீட்டினார்.