தணிவதும் தீர்வதும்

கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ள நேரும் என்று தெரிந்திருந்தும், துன்பப்படுகிற ஒருவருக்குச் சில நாளைய சுகத்தைக் கொடுக்கலாமா? இந்தக் கேள்வியை மொட்டையாகக் கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். "கொடுப்பது யார், வாங்குவது யார், அதைச் சொல்லுங்கள் முதலில்" என்பார்கள். நியாயம்தான். ஆளையும் ஊரையும் சொல்லிவிட்டே கேட்கிறேன்.

அமெரிக்காவில், மின்னசோட்டா மாநிலத்தில், ராச்செஸ்டர் என்று ஓர் ஊர். அங்கே உள்ள மேயோ மருத்துவ நிலையத்தில் பிலிப் ஹென்ச் என்ற டாக்டர் மூட்டு நோய்களைக் கவனித்து வந்தார். முடக்குவாதம் வந்தால் வந்ததுதான், நாளுக்கு நாள் முறுக்குமே தவிர இறங்காது என்பது அக்காலத்து வைத்தியர்களில் பெரும்பாலோருடைய எண்ணம். 1929 ஏப்ரலில் அவரிடம் 65 வயது நோயாளி ஒருவர் வந்தார். அவரும் ஒரு டாக்டர். தமக்கு மஞ்சட்காமாலை கண்ட மறுநாளே மூட்டுவலி குறையத் தொடங்கியதாகவும், ஒரு மைல் தூரம் வலியில்லாமல் நடக்க முடிந்ததாகவும் அவர் சொன்னார்.

ஒரு நோய் வந்து இன்னொரு நோயைத் துரத்தியிருக்கிறது! நம்மில் எத்தனை பேர் "உம்முடைய அதிர்ஷ்டம் ஐயா" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டிருப்போம்? ஹென்ச் கூப்பிடவில்லை. காமாலை கண்ட மற்ற வாத நோயாளிகளைத் தேடிப் பிடித்து விசாரித்தார். கருவுற்ற பெண்கள் பலருக்கு இந்த வலி தானாகவே அடங்கி, பிள்ளை பிறந்த பிறகு திரும்பி வருவதையும் கண்டார். அப்படியானால் நோயை அடக்கும் சரக்கு உடம்புக்குள்ளேயே எங்கோ இருக்க வேண்டும். பெயர் தெரியாத அந்தச் சரக்குக்கு 'எக்ஸ்' என்று பெயர் வைத்தார். பித்த உப்புகளைக் கொடுத்துப் பார்த்தார். காமாலைக்காரர்களின் இரத்தத்தைக்கூட ஏற்றிப் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை.

அதே நிலையத்தில் எட்வர்டு கெண்டல் என்ற ரசாயன அறிஞர் இருந்தார். சிறுநீரகத்தின் தலைமேல் குல்லாய் வைத்ததுபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியிலிருந்து பல பொருள்களைப் பிரித்து, ஏ, பி என்று எழுத்துக்களையே அவற்றுக்குப் பெயராக இட்டிருந்தார். அவற்றில் 'ஈ' என்ற ஹார்மோனை வாத நோயாளிக்குக் கொடுத்துப் பார்ப்பது என்று 1941-ல் இருவரும் பேசிக்கொண்டார்கள். கொடுப்பதற்குத்தான் பொருள் இல்லை. மெர்க் கம்பெனியின் லூயி சாரெட், மாட்டுப் பித்தத்திலிருந்து அதை உண்டாக்கும் நீண்ட வழியைக் கண்டுபிடித்து, அது சில கிராம் அளவுக்காவது கையில் கிடைப்பதற்கு 1948 ஆகிவிட்டது.

அந்த ஆண்டு செப்டம்பர் 21-ம் தேதி, நோயால் படுக்கையோடு படுக்கையாகிவிட்ட 29 வயதுப் பெண் ஒருத்திக்கு முதல் ஊசி போட்டார்கள். இரண்டு நாள் பெரிய மாறுதல் இல்லை. மூன்றாம் நாள் காலையில் அவள் சிரமமில்லாமல் புரண்டு படுத்தாள். ஒரு வாரத்துக்குள் கடைத்தெருவுக்குப் போய் மூன்று மணி நேரம் சுற்றிவிட்டு வந்தாள்.

இந்தக் கதையை நான் எழுதினால் இங்கே 'சுபம்' போட்டுவிடலாம். வாசகர்களும் சந்தோஷப்படுவார்கள். ஆனால் ஊசியை நிறுத்தினால் வலி திரும்பி வந்தது. அவளுக்குப் பிறகு ஊசி போட்டுக்கொண்டவர்களிடமும் பெரும்பாலும் இதையே கண்டார்கள். 1949 ஏப்ரலில் ஹென்ச்சும் கெண்டலும், ஸ்லோகம்ப், பாலி என்ற இரண்டு டாக்டர்களும் சேர்ந்து தங்கள் கட்டுரையை வெளியிட்டபோது, அதை முதற்கட்ட அறிக்கை என்றுதான் சொன்னார்கள். நோய் தீர்ந்தது என்று சொல்லவில்லை. பத்திரிகைகள்தாம் சொல்லின. உலகம் அதை அற்புதம் என்றது. கார்ட்டிசோன் என்று பெயர் பெற்ற அந்த ஹார்மோனுக்காக, 1950-ல் ஹென்ச், கெண்டல், சுவிட்சர்லாந்தின் ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதற்குள்ளேயே கணக்கின் மறுபக்கமும் தெரிய ஆரம்பித்துவிட்டது. முழுநிலாப் போல் முகம் ஊதிற்று. எலும்பு மெலிந்தது. இரத்தத்தில் சர்க்கரை ஏறிற்று. சிலருக்குப் புத்தியே தடுமாறிற்று.

ஏன் இப்படி? நம்மைக் காக்க வேண்டிய உடம்பின் காவற்படையே நம் மூட்டைப் பகையென்று எண்ணித் தாக்குவதுதான் முடக்குவாதம். உடம்பு தன்னையே இப்படித் தாக்கும் என்பதை மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டது 1950-களின் பிற்பகுதியில்தான். கார்ட்டிசோன் அந்தக் காவல்காரனுக்கு வீட்டுக்காரர் யார், திருடன் யார் என்று கற்றுக்கொடுப்பதில்லை. அவனைத் தூங்கவைக்கிறது. காவல்காரன் தூங்கினால் வீட்டில் அமைதிதான். திருடனுக்கும் வசதிதான். ஆகவே அந்தச் சுகத்துக்கு நாம் கொடுக்கிற விலையில் ஒரு பங்கு, சுகத்தோடு சேர்ந்தே பிறந்தது.

இப்போது கேள்விக்கு வருகிறேன். அந்தப் பெண்ணைக் கடைத்தெருவுக்கு அனுப்பியது சரியா?

சரியில்லை என்பவர்கள் சொல்வதை நான் லேசாகத் தள்ள மாட்டேன். பிறவிக் குருடனுக்கு இருட்டு என்று ஒன்று தனியாக இல்லை. ஒரு வாரம் பார்வை கொடுத்துப் பறித்தால்தான் அவனுக்கு இருட்டு பிறக்கிறது. மூன்று மணி நேரம் நடந்தவளுக்குக் கட்டில் முன்னைவிடக் கொடியதாக இருக்காதா? "அவளே தீர்மானிக்கட்டும்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வதும் எளிதல்ல. வலி தீரும் என்றால் என்னவென்று நான்கரை ஆண்டாக அறியாதவள், ஊசிக்கு முன்னால் எதை வைத்து நிறுக்க முடியும்? ஊசிக்குப் பின்னாலோ, வலியில்லாத காலையை ஒரு முறை கண்டுவிட்டவளின் தராசு நேராக நிற்குமா?

இருந்தாலும் நான் ஹென்ச்சின் பக்கம்தான் நிற்பேன். வள்ளுவர் 'மருந்து' என்ற அதிகாரத்தில் நோயையும் அதன் காரணத்தையும் ஆராயச் சொல்லிவிட்டு, அதைத் தணிக்கும் வழியை நாடச் சொன்னார். ஒழிக்கும் வழி என்று சொல்லவில்லை. தணிப்பது என்ற சொல்லுக்கு உரிய மதிப்பை நாம் கொடுப்பதில்லை. தாகம் தணிகிறது, பசி தணிகிறது. நாளைக்குத் திரும்பி வரத்தான் வரும். அதற்காகத் தண்ணீர்ப் பந்தல் வைத்தவனை ஏமாற்றுக்காரன் என்று யாரும் சொல்வதில்லை. தணித்துவிட்டுத் தீர்த்துவிட்டேன் என்று சொல்கிறவனே ஏமாற்றுக்காரன். ஹென்ச் சொல்லவில்லை. செய்தி எழுதியவர்கள் சொன்னார்கள். பேனா பிடிக்கிற எங்கள் ஜாதியின் பழைய வியாதி அது: கதைக்கு முடிவு இல்லாவிட்டால் நாங்களே ஒன்று செய்து கொடுத்துவிடுவோம்.

இந்த மருந்தும் இதன் வழிவந்தவையும் இன்றும் கைவிடப்படவில்லை. நோயின் போக்கையே மாற்றும் வேறு மருந்துகள் வந்துவிட்டதால், அவை வேலை செய்யத் தொடங்கும் வரை குறைந்த அளவில், குறைந்த காலத்துக்கு என்று டாக்டர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள். அற்புதம் என்று பெயர் எடுத்தது இப்போது இடைக்காலக் காரியஸ்தனாக இருக்கிறது. அந்த வேலை அதற்குப் பொருத்தமாகவும் இருக்கிறது.

பிரெஞ்சு ஓவியர் ரவூல் டூஃபியை நினைத்துக்கொள்கிறேன். முடக்குவாதத்தால் ஊன்றுகோலும் சக்கர நாற்காலியுமாக இருந்தவரை, 1950-ல் பாஸ்டன் நகரத்து டாக்டர் ஒருவர் அழைத்துப் புதிய ஹார்மோன் மருந்துகளைக் கொடுத்தார். டூஃபி மறுபடியும் நடந்தார். வர்ணக் குழாயைத் தம் விரலாலேயே பிதுக்கினார். 1952-ல் வெனிஸ் கண்காட்சியில் ஓவியத்துக்கான பெரும்பரிசு அவருக்குக் கிடைத்தது. மறு ஆண்டு மார்ச்சில் காலமானார். அதில் மருந்துக்கும் பங்கு உண்டு என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள். பாஸ்டனில் அவர் தீட்டிய படங்களில் ஒன்று பூங்கொத்து. அதற்கு அவர் இட்ட பெயர் 'கார்ட்டிசோன்'.