மக்காச்சோளத்துக்கு ஒரு பாட்டு

மார்கழி கடைசி வாரம். அக்கா மகன் பென்டிரைவை நீட்டினான். "பொங்கலுக்கு என்ன பாட்டு வேணும்னு எழுதிக் குடுங்க மாமா, ஏத்திட்டு வந்துர்றேன்." அஞ்சு நிமிச வேலை என்று வாங்கிக்கொண்டேன். நாலு நாளாகிறது.

*

வாசலில் மக்காச்சோளம் காய்கிறது. காலால் துழாவிவிட்டபடியே பாட்டுகளை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். எல்லாமே நெல். வயல், வாய்க்கால், நாற்று. 1994 பொங்கலுக்கு வந்த ‘மகாநதி’யின் பொங்கல் பாட்டைப் போட்டால் என் வாசல் கும்பகோணத்துப் பக்கம் போய்விடுகிறது. நல்ல பாட்டுதான். ஆனால் எங்கள் வேப்பந்தட்டைக்குக் காவிரி கிடையாது. மேற்கே பச்சைமலை, காலடியில் கரிசல், தலைக்கு மேல் எப்போதாவது மழை. பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம். பருத்திக்கு இந்த ஊரில் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது, பாட்டுதான் இல்லை.

புரட்டாசியில் ஊன்றி மார்கழி, தையில் ஒடிக்கிற சோளத்தை நாங்கள் சாப்பிடுவதும் இல்லை. லாரி ஏறிக் கோழித் தீவனத்துக்குப் போகிறது. பானையில் வேகிற பச்சரிசி கடையில் வாங்கியது. யாருக்கு நன்றி சொல்கிறோம் என்று கேட்டால் அம்மா யோசிக்காமல் சூரியனைக் காட்டுவாள். எனக்கு அந்த லாரிக்கும் கொஞ்சம் சொல்லணும் போலிருக்கிறது.

*

2018-ல் சோளத்தில் படைப்புழு வந்தது. இலையெல்லாம் சல்லடை. குருத்தைப் பிரித்தால் உள்ளே ஈர மரத்தூள் மாதிரி எச்சம், அதற்கடியில் புழு. அடுத்த தையில் பொங்கல் வைத்தோம், பாட்டு போடவில்லை. வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஸ்பீக்கரைப் பரணிலிருந்து யாரும் இறக்கவில்லை, அவ்வளவுதான்.

*

சினிமாவுக்குப் பாட்டெழுதிய மருதகாசி நம்ம பக்கத்து ஆள். 1920-ல் மேலக்குடிகாட்டில் பிறந்தவர். அது இப்போது அரியலூர் மாவட்டம். ‘விவசாயி’ படத்துக்கு அவர் எழுதியதைத்தான் பொங்கலன்று ஊரெல்லாம் போடுவார்கள். எனக்கென்னவோ அது மேடையேறிப் பேசுகிற மாதிரி இருக்கும். 1957-ல் ‘மக்களைப் பெற்ற மகராசி’க்கு எழுதினாரே, மணப்பாறை மாட்டுப் பாட்டு, அதுதான் பிடிக்கும். கே.வி.மகாதேவன் இசை, டி.எம்.எஸ். குரல். உழவில் தொடங்கி, ஆத்தூர்க் கிச்சிலிச் சம்பாவை விதைத்து, அறுத்து, வண்டியேற்றி, சந்தையில் வியாபாரியிடம் விற்றுப் பணத்தை எண்ணுகிற வரைக்கும் போகும். அதுவும் நெல்தான். ஆனால் ஆத்தூர் நம்ம ரோட்டிலேயே பஸ் ஏறினால் வருகிற ஊர். மற்ற உழவர் பாட்டுகள் பெரும்பாலும் களத்துமேட்டோடு நின்றுவிடுகின்றன. இவர் சந்தை வரைக்கும் கூட வருகிறார். மூட்டைக்கு என்ன விலை போகும் என்று தெரியாமல் பொங்கல் வைக்கிறவனுக்கு இந்தத் துணை பெரிசு.

முதல் பாட்டு அது என்று எழுதினேன்.

*

அம்மாவிடம் சொன்னேன்.

"போடு, யாரு வேணாங்குறா. பொங்குற நேரத்துல நிறுத்திப்புடணும். போன வருசம் உன் ஸ்பீக்கர் சத்தத்துல பொங்குனது யாருக்கும் தெரியாம, வழிஞ்சு அடுப்பையே அணைச்சிருச்சு."

"எத்தன மணிக்குப் பொங்கும் ஆயா? அதுக்குத் தக்கன பாட்ட வரிசை பண்ணிடுறேன்" என்றான் அக்கா மகன்.

அம்மா சுவரோரம் அடுக்கியிருந்த பருத்தி மாரிலிருந்து ஒரு குச்சியை உருவி ஒடித்துப் பார்த்தாள். முழுசாக ஒடியவில்லை, நாராகத் தொங்கியது.

"இது காயுறதப் பொறுத்து" என்றாள்.